கைநாட்டு, கையெழுத்து, வாக்குச்சீட்டு: மொரீஷியஸ் நாட்டின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து, சாவகாசமாகப் படியுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "ஐயா, மொரீஷியஸில் நாடாளுமன்ற ஆட்சியா, அதிபர் ஆட்சியா?"

தேர்வுக்கு ஒரு வரிப் பதில் போதும். அது நாடாளுமன்ற முறையில் ஆளப்படும் குடியரசு. பிரதமர் ஆள்கிறார், குடியரசுத் தலைவர் பெயரளவில் தலைவர். நம் நாட்டைப் போலத்தான்.

ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு வரியோடு நிறுத்த மனம் வருவதில்லை. ஒரு நாட்டின் அரசமைப்பை மட்டும் மனப்பாடம் செய்தால் அது வெறும் விதிகளின் பட்டியல். அந்த ஊர் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் ஒவ்வொரு விதியும் யாருடைய அச்சத்தைத் தீர்க்க எழுதப்பட்டது என்று புரியும். மொரீஷியஸ் இதற்கு அருமையான பாடம். நம் ஊர்க்காரர்களின் கதையும் அதற்குள் இருக்கிறது.

*எங்கே இருக்கிறது?*

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முக்கியத் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மக்கள்தொகை சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம். அது கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் குறைவு. கிழக்கே தள்ளி ரோட்ரிக்ஸ் என்ற சின்னத் தீவும் இந்த நாட்டைச் சேர்ந்தது. 2002 முதல் ரோட்ரிக்ஸுக்கென்று தனி வட்டார சபை உண்டு. தலைநகரம் போர்ட் லூயிஸ்.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்த நாட்டுக்குப் பூர்வகுடிகள் என்று யாரும் கிடையாது. மனிதர் குடியேறும் முன் அங்கே டோடோ பறவையும் கருங்காலிக் காடும்தான் இருந்தன. அங்கே இன்று வாழும் ஒவ்வொருவரின் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள்தான். எந்தக் கப்பலில், எந்த நிலையில் வந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. "நாங்கள்தான் மண்ணின் மைந்தர்கள்" என்று யாரும் சொல்ல முடியாத நாட்டில், யாருக்கு என்ன உரிமை என்பதை எப்படித் தீர்மானிப்பது? இந்தக் கேள்விதான் அந்த நாட்டின் வரலாறு முழுக்க ஓடுகிறது.

*மூன்று கொடிகள்*

1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கி, தங்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். 1638-இல் குடியேறினார்கள். கரும்பைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். டோடோ பறவை அழிந்துபோனதும் இவர்கள் காலத்தில்தான். கடைசியில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1710-இல் தீவை விட்டுப் போய்விட்டார்கள்.

1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தமதாக்கிக்கொண்டு, 'பிரெஞ்சுத் தீவு' என்று பொருள்படப் பெயரையும் மாற்றினார்கள். 1735-இல் லா பூர்தொன்னே ஆளுநராக வந்தார். இந்தப் பெயரை நம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1746-இல் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் இதே லா பூர்தொன்னேதான். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்கு இருக்கிறது. அவர் எழுதிய அந்தப் புதுச்சேரியிலிருந்துதான் கொத்தனார், தச்சர் போன்ற கைவினைஞர்கள் போர்ட் லூயிஸ் நகரத்தைக் கட்டப் போனார்கள். ஆக, ஒப்பந்தக் கூலிகள் காலத்துக்கு நூறு ஆண்டு முன்பே தமிழர்கள் அங்கே இருந்தார்கள்.

ஆனால் கட்டடம் கட்டிய கைகளைவிடக் கரும்பு வெட்டிய கைகள்தான் அதிகம். அவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள்.

1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். இங்கே ஒரு விசித்திரம். சரணடையும்போது செய்த உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுக்காரர்களின் சட்டம், மொழி, மதம், சொத்து எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் இன்றும் அங்கே சிவில் சட்டம் பிரெஞ்சு மரபு, நாடாளுமன்ற முறை ஆங்கில மரபு. நாடாளுமன்றத்தின் அதிகார மொழி ஆங்கிலம், ஆனால் உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம். வீட்டிலும் சந்தையிலும் பெரும்பாலோர் பேசுவதோ கிரியோல். அடிமைகளும் எஜமானர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பிறந்த மொழி அது.

*சங்கிலி போய் ஒப்பந்தம் வந்தது*

1835 பிப்ரவரி 1 அன்று மொரீஷியஸில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அப்போது அங்கே 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். நஷ்டஈடாக இங்கிலாந்து 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. யாருக்கு? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "அடிமைகளுக்கு" என்றுதான் சொல்வார்கள். இல்லை. சொத்தை இழந்துவிட்டதாக அடிமைகளின் எஜமானர்களுக்குத்தான் பணம் போனது. அடிமைகளுக்கு ஒரு காசு கிடையாது. போதாததற்குப் 'பயிற்சித் தொழிலாளி' என்ற பெயரில் 1839 வரை அதே எஜமானரிடம் வேலை செய்ய வேண்டியிருந்தது. விடுதலை கிடைத்ததும் பெரும்பாலோர் கரும்புக்காட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

கரும்பை யார் வெட்டுவது? இந்தியாவின் பக்கம் கண் திரும்பியது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கினார்கள். அதன்பின் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அந்தத் துறையில் இறங்கினார்கள். சிலர் அங்கிருந்து வேறு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஏறிய கற்படிகள் இன்றும் போர்ட் லூயிஸில் இருக்கின்றன. 'ஆப்பிரவாசி காட்' என்ற அந்த இடம் 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது.

இந்த ஒப்பந்தம் எப்படிப்பட்டது? ஐந்து வருடம் ஒரே தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்துக்கொள்வார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். 1867-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூடப் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு இல்லாமல் சாலையில் நடக்க முடியாது. சீட்டு இல்லாவிட்டால் நாடோடி என்று கைது.

பெயர்களைப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்கள் அங்கே குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி பதிவேட்டில் ஏறின. கூப்பென், மூனீசாமி, வீராசாமி, செட்டியார் என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் உள்ளன. நம் 'குப்பன்'தான் 'கூப்பென்' ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு மனிதரின் பெயரை அவரே எழுதத் தெரியாதபோது, இன்னொருவர் எழுதியதே அவர் பெயராகிவிடுகிறது. இதைக் கவனத்தில் வையுங்கள், கதை இங்கேதான் திரும்பப் போகிறது.

1861-க்குள் தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியர்கள். ஆட்சியில் அவர்களுக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. 1885-இல் முதன்முதலாகத் தேர்தல் முறை வந்தது. சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. மூன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த தீவில் வாக்காளர்கள் சுமார் 4 ஆயிரம் பேர். 1926-இல்தான் முதன்முறையாக இந்திய வம்சாவளியினர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

இடையில் 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்தி சில வாரங்கள் அங்கே தங்கினார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பொது வாழ்வில் ஈடுபடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

*அஞ்சலை*

1936-இல் டாக்டர் மோரிஸ் க்யூரே தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அவர் இந்தியர் அல்லர், கிரியோல் சமூகத்தவர். ஆனால் கூலிக்காரர் எந்த இனமானாலும் கூலிக்காரர்தான் என்று நினைத்தவர். 1937-இல் தோட்டங்களில் பெரும் கிளர்ச்சி நடந்தது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

1943 செப்டம்பர் 27. பெல் வியூ ஹாரெல் என்ற கரும்புத் தோட்டம். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீசார் சுட்டார்கள். நால்வர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சலை கூப்பென். அப்போது அவர் கர்ப்பிணி. இறந்த மற்றவர்களும் தமிழ்ப் பெயர் தாங்கியவர்களே. இன்று அந்த வட்டாரத்தில் உள்ள விளையாட்டரங்கத்துக்கு அஞ்சலையின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அஞ்சலைக்கு வாக்குரிமை கிடையாது. அவர் தரப்பைச் சட்டசபையில் எடுத்துச் சொல்ல, அவர் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கிடையாது. வாக்கு இல்லாதவரிடம் அரசு எந்த மொழியில் பேசும் என்பதற்கு அந்த நாள் ஒரு சாட்சி.

*பெயர் எழுதத் தெரிந்தால் வாக்கு*

இந்தப் பதிவை எழுத எனக்கு ஆசை வந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு புதிய அரசமைப்பு வந்தது. சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற நிலை மாறியது. தீவில் வழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றில் எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்து, கையெழுத்துப் போடத் தெரிந்தால் வாக்குரிமை உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சுதான் வேண்டும் என்பதில்லை. தமிழில் எழுதத் தெரிந்தாலும் வாக்காளர் ஆகலாம். பெண்களுக்கும் உண்டு.

பிறகு நடந்தது ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கிராமங்களில் 'பைட்கா' என்ற கூடங்கள் இருந்தன. மாலையில் கூடிப் பேசுவதற்கும் படிப்பதற்குமான இடம். பாஸ்தியோ பிசூன்தோயல் போன்றவர்கள் இத்தகைய இடங்களில் மொழி வகுப்புகளை ஒரு இயக்கமாகவே நடத்தினார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்கள் இரவில் உட்கார்ந்து தம் பெயரை எழுதிப் பழகினார்கள். அறுவடைக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைக்குப் பென்சில் பிடிப்பது லேசான காரியமில்லை. முதியோர் கல்வி வகுப்பு எடுத்தவர்களுக்கு இது தெரியும். அறிவொளி இயக்கக் காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன். தன் பெயரை முதன்முதலில் முழுசாக எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தை மறக்க முடியாது.

பலன் என்ன? சுமார் 12 ஆயிரமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 1948 தேர்தலில் 70 ஆயிரத்தைத் தாண்டியது. ஏறத்தாழ ஆறு மடங்கு! அனுமதிச் சீட்டில் எண்ணாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் கையால் பெயர் எழுதி வாக்காளர் ஆனார்கள். தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 19 இடங்களில் பெரும்பான்மையை இந்திய வம்சாவளியினர் வென்றார்கள். ஆனாலும் ஆளுநர் தன் பங்குக்கு 12 பேரை நியமித்து, பழைய ஆட்களின் கையை ஓங்க வைத்தார் என்பது வேறு கதை. 1959-இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது.

*அச்சமும் விடுதலையும்*

இனி நாணயத்தின் மறுபக்கம்.

1948 தேர்தலில் முஸ்லிம் ஒருவர்கூட வெற்றி பெறவில்லை. எண்ணிக்கை அதிகமுள்ள சமூகம் எப்போதும் வெல்லும், நாம் என்ன ஆவோம் என்ற பயம் சிறுபான்மையினருக்கு வந்தது. முஸ்லிம்கள், சீனர்கள், கிரியோல்கள், பிரெஞ்சு வம்சாவளியினர் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. நேற்றுவரை வாக்கில்லாமல் நசுக்கப்பட்டவர்கள், இன்று எண்ணிக்கையால் மற்றவரைப் பயமுறுத்துகிறார்கள். இதில் யாரைக் குறை சொல்வது?

1967 ஆகஸ்டில் நடந்த தேர்தல், சுதந்திரம் வேண்டுமா என்பதற்கான வாக்கெடுப்பைப் போலவே நடந்தது. சிவசாகர் ராம்கூலம் தலைமையிலான சுதந்திரக் கூட்டணி 39 இடங்களிலும், கேத்தன் டுவால் தலைமையில் எதிர்த்தவர்கள் 23 இடங்களிலும் வென்றார்கள். வாக்குக் கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் எதிர்த்தார்கள். சுதந்திரம் வேண்டாம் என்று இத்தனை பேர் வாக்களித்த நாடுகள் அபூர்வம். 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் இனக்கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் துருப்புகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. ஏராளமானோர் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அந்தச் சூழ்நிலையில்தான் 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது. 1930-இல் காந்தி தண்டி யாத்திரையைத் தொடங்கிய அதே மார்ச் 12. 1992-இல் அதே தேதியில் குடியரசும் ஆனது. முதல் குடியரசுத் தலைவர் சர் வீராசாமி ரிங்காடு. தமிழ் வம்சாவளியினர்.

விடுதலைக்குக் கொடுத்த விலை ஒன்றும் உண்டு. 1965-லேயே பிரிட்டன் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்துக்கொண்டது. கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. அங்கே டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, குடியிருந்த மக்கள் எல்லோரையும் 1973-க்குள் வெளியேற்றினார்கள். அந்தப் பிரிப்பு சட்டப்படி முறையானதல்ல என்று 2019-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தரும் ஒப்பந்தம் 2025 மே 22-இல் கையெழுத்தானது. வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களை அப்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

*ஆட்சி அமைப்பு, சுருக்கமாக*

மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரே அவை கொண்ட நாடாளுமன்றம். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். முக்கியத் தீவில் 20 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் ஒவ்வொருவரும் மூன்று வாக்கு போட வேண்டும். ரோட்ரிக்ஸுக்கு இரண்டு உறுப்பினர்கள். ஆக 62 பேர். குடியரசுத் தலைவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. மேல்முறையீட்டுக்கு இறுதி நீதிமன்றம் இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில்தான். தனி ராணுவம் கிடையாது. காவல் துறையும் அதன் சிறப்புப் படையும்தான்.

இந்த 62 பேருக்கு மேல் எட்டு இடங்கள் வரை உண்டு. இதற்குத்தான் இவ்வளவு நேரம் வரலாறு சொன்னேன்.

*தோற்றவர்களுக்கு எட்டு நாற்காலி*

இதை அங்கே 'பெஸ்ட் லூசர்' முறை என்கிறார்கள். அதாவது, தோற்றவர்களில் நன்றாகத் தோற்றவர்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் விஷயம் தீவிரமானது.

அரசமைப்பு மக்களை நான்கு சமூகங்களாகப் பிரிக்கிறது. இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள். தேர்தல் முடிந்ததும் மக்கள்தொகைக்கு ஏற்ற பிரதிநிதிகள் எந்தச் சமூகத்துக்குக் கிடைக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, தோற்றவர்களில் அதிக வாக்கு வாங்கிய வேட்பாளரை உறுப்பினர் ஆக்குவார்கள். முதல் நான்கு இடங்கள் சமூகச் சமநிலைக்காக. அடுத்த நான்கு, முதல் நான்கால் கட்சிகளின் பலம் மாறிவிடாமல் இருப்பதற்காக. தனித்தொகுதியும் இல்லை, தனி வாக்காளர் பட்டியலும் இல்லை. எல்லோரும் சேர்ந்தே வாக்களிப்பார்கள், யாரும் விடுபட மாட்டார்கள். 1960-களின் பயத்துக்கு இது நல்ல மருந்து என்றே நான் சொல்வேன். கலவரத்தில் பிறந்த நாடு இன்றுவரை தேர்தல் மூலமே ஆட்சியை மாற்றி வருவதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

பாதை நேராக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1972-இல் வர வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டார்கள். இடையில் நெருக்கடி நிலை அறிவித்து எதிர்க்கட்சியினரைச் சிறையில் வைத்தார்கள். 1975 மே 20-இல் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அதன்பின் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. 1977 முதல் மேல்நிலைக் கல்வியும் இலவசமானது. 1982-இல் எதிர்க்கட்சிக் கூட்டணி முக்கியத் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. நாட்டின் தந்தை எனப்பட்ட ராம்கூலமே தன் தொகுதியில் தோற்றார். தோல்வியை ஏற்று விலகினார், ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 60-க்கு 60 என்பது 1995-இலும் 2024-இலும் மறுபடி நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார ஆள் கிடைப்பதே இந்த எட்டு நாற்காலியால்தான்.

ஆனால் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு.

ஒன்று, வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் சமூகம் எது என்று மனுவில் எழுத வேண்டும். "நான் மொரீஷியன், அவ்வளவுதான்" என்றால் ஏற்கமாட்டார்கள். 2010-இல் அப்படி எழுத மறுத்த பலரின் மனுக்கள் தள்ளுபடியாயின.

இரண்டு, 1982-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சமூகம் பற்றிய கேள்வியை நீக்கிவிட்டார்கள். ஆகவே இன்றும் நாற்காலி பிரிப்பது 1972 கணக்கை வைத்துத்தான். அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு! புதிய கணக்கு இல்லாமல் மக்களை இப்படி வகைப்படுத்துவது நியாயமற்றது என்று 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டு, சமூகத்தைச் சொல்லாமலும் போட்டியிட அனுமதித்தார்கள்.

மூன்று, 'பொது மக்கள்' என்பது யார்? மற்ற மூன்றிலும் சேராத எல்லோரும். அதாவது, அடிமைகளின் வம்சமும், அந்த அடிமைகளை வைத்திருந்தவர்களின் வம்சமும் ஒரே பெட்டிக்குள். 1835-இல் நஷ்டஈடு வாங்கியவரின் கொள்ளுப்பேரனும், ஒன்றும் வாங்காதவரின் கொள்ளுப்பேரனும் கணக்கில் ஒன்று. 1999-இல் கயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்தபோது கலவரம் வெடித்தது. அந்தச் சாவு மட்டுமே காரணமில்லை, தங்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை என்ற நெடுநாள் ஆற்றாமையும் அதில் இருந்தது. அடிமை முறையையும் கூலி முறையையும் ஆராய 2009-இல் உண்மை மற்றும் நீதி ஆணையம் அமைத்தார்கள். 2011-இல் அது அறிக்கை கொடுத்தது.

தமிழர்கள் எந்தப் பெட்டியில்? இந்தக் கணக்கில் 'இந்து'. தங்களுக்குத் தனி அடையாளம் வேண்டும் என்ற உணர்வு அங்குள்ள தமிழர்களுக்கு உண்டு. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் புதிய நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி அச்சிட வேண்டியதாயிற்று. நோட்டில் ஒரு வரி மேலா கீழா என்பது அற்பம் என்று நமக்குத் தோன்றலாம். பேச்சுத்தமிழ் வீட்டிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்ட ஒரு சமூகத்துக்கு, எழுத்தில் நிற்கும் அந்த ஒரு வரி அற்பமில்லை.

*என் கருத்து*

மக்களைச் சமூகவாரியாக எண்ணாவிட்டால், சிறிய சமூகங்கள் காணாமல் போகும். எண்ணிக்கொண்டே இருந்தால், சமூகத்தைத் தாண்டி யாரும் வளர முடியாது. இதில் எது சரி என்று ஒற்றை வார்த்தையில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எண்ணுவதா வேண்டாமா என்ற வாதம் நமக்கும் புதிதல்ல.

என் பக்கச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு தொடர வேண்டும், ஆனால் கணக்கு புதிதாக எடுக்கப்பட வேண்டும். தன்னை எந்தப் பெட்டியிலும் போட விரும்பாத குடிமகனுக்கும் மனு கொடுக்க உரிமை வேண்டும். தன் பெயரைத் தானே எழுதக் கற்று உரிமை பெற்றவர்களின் நாடு அது. தான் யார் என்பதையும் அந்த மக்களே எழுதிக்கொள்ளட்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? குறிப்பாக, இந்த வருடம் தேர்வு எழுதும் பிள்ளைகள் பதில் போடுங்கள். இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லி எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் முழு மதிப்பெண்!